ஒரே தெருவில் இத்தனை புள்ளியியல் நிபுணர்கள்

அன்புள்ள மச்சான் ஆசீருக்கு,

காட்டூரிலிருந்து அத்தான் பிலோமின்ராஜ் எழுதுவது. இறையருளால் இங்கே உன் அக்கா டோரதியும் நானும் சுகம். நீயும் லிசியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் பேசினால் மகள் பெலிண்டா காதில் விழும், அதனால்தான் கடிதம். அவள் பதவி உயர்வுக்கு விருந்து என்று கூப்பிட்டிருந்தேனே, வரவேண்டாம். அவளிடம் காரணமும் கேட்காதே.

கணக்கில் விட்டுப்போன எண்களை, பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும் மென்பொருள் ஒன்றை அவள் எழுதினாள் அல்லவா? பெயர் 'நிரப்பி'. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக இணையத்தில் போட்டாள். அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் பதவி உயர்வுக் கமிட்டியோ, இதன் தாக்கம் என்ன, நிரூபி என்றது. தாக்கம் கேட்க இதென்ன புயலா? எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணைத்தான் பார்ப்பார்களாம். ரயில்வே சங்கத் தேர்தலில் நின்ற எனக்கா ஆள் திரட்டத் தெரியாது? தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் அந்த ஞாயிறு நம் வீட்டில். செபமாலை முடிந்ததும் எழுந்து, செல்போனில் நிரப்பியை இறக்கினால்தான் சுண்டல் என்று அறிவித்துவிட்டேன். எதிர்வீட்டு லூர்துராணி, "அண்ணே, எறக்கிட்டேன், தொறக்க மாட்டேங்குதே, படம் ஏதும் வருமா?" என்றாள். "தொறக்க வேணாம்மா, எறக்கினா போதும்" என்றேன். எண் எகிறியது. நானும் பூரித்துப் போனேன்.

கமிட்டித் தலைவர் பெலிண்டாவைக் கூப்பிட்டு, "ஒரே ஞாயிறு, ஒரே தெரு. காட்டூர்ல இத்தனை புள்ளியியல் நிபுணர்களா மேடம்?" என்று கேட்டு தெருவில் இறக்கியது அத்தனையையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். "சுண்டல் போட்டு வாங்கின நம்பர் எனக்கு எதுக்குப்பா?" என்று பிள்ளை அழுதாள். உண்மையில் பயன்படுத்துகிறவர் ஒருவராவது வேண்டுமே என்று, முன்பு அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டிருந்த மருதையைத் தேடி லால்குடிக்கு பஸ் ஏறினேன். அரசு அலுவலகத்தில் மழைக்கணக்கு வைப்பவர். "இது இல்லாட்டி எங்க ஆபீசே ஓடாதுங்க. நான் ஒருவாட்டி எறக்கி, பென்டிரைவ்ல போட்டு மாவட்டம் பூரா கொடுத்துட்டேன்" என்றார் பெருமையாக. அப்படியானால் உங்கள் அறிக்கையில் என் மகள் பெயர் ஏன் இல்லை என்றேன். "ஓசியில வந்ததுக்குப் பேரு வேற போடணுமாங்க?" என்றார், காபி வாங்கிக் கொடுத்தபடியே.

ஆக, திறக்காதவர்கள் ஒரு தெரு. தினமும் பயன்படுத்துகிறவர்கள் ஒரு மாவட்டம், ஆனால் கணக்கில் ஒற்றை ஆள். இதை விளக்கிக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தோம். பென்டிரைவுக்கு எங்கள் முறையில் இடமில்லை என்று சொல்லி, அவள் பெயருக்கு நேரே தாக்க மதிப்பெண்ணைப் போடாமல் காலியாக விட்டுவிட்டார்கள். அது காலியாக இருக்கும்வரை பதவி உயர்வும் கிடையாது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எல்லாம் என் சுண்டலால் வந்தது.

உனக்கும் லிசிக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு. நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
பிலோமின்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் கமிட்டி ஆபீசிலிருந்து பெலிண்டாவுக்குப் போன். மதிப்பெண் காலியாக இருப்பவர்களுக்கெல்லாம் ஏதோ இலவச மென்பொருளை வைத்துப் போடுகிறார்களாம், முடியும் முன்னே நின்றுவிட்டதாம். "நிரப்பியோ என்னமோ பேரு, உங்களுக்குத் தெரியுமா மேடம்?" "நான் எழுதினதுதான் சார்." அந்தப் பக்கம் பட்டியலைப் புரட்டுகிற சத்தம். பிறகு, "அப்ப சீக்கிரம் சரிபண்ணிக் குடுங்க மேடம், இன்னும் காலியா இருக்கறதே உங்களது ஒண்ணுதான்." சிரித்துக்கொண்டே சரிபண்ணிக் கொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை மறந்துவிடு. டோரதி கேக்குக்கு மாவு கலக்கிவிட்டாள். புறப்பட்டு வா.