பேத்தியின் தமிழ்ப் பாடத்தில் நான் செய்த திருத்தம்

நான் தொட்ட காரியம் எதுவும் வீணாய்ப் போனதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சொந்தமாகக் கமிஷன் கடை போட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினேன். அதுவும் தொழிலில் அல்ல, எட்டாம் வகுப்புத் தமிழில்.

பேத்தி ஹரிணிக்குக் கட்டுரை என்றாலே கசக்கும். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தானாம். அதனால் தமிழ் டீச்சர் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார். வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதி, படமும் இசையும் சேர்த்து, செல்போனில் வீடியோவாக்கி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஹரிணி என்னைத் தேர்ந்தெடுத்தாள். (வேறு யாரைத் தேர்ந்தெடுப்பாள்?)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதியதைக் காட்டினாள். 'என் தாத்தா பூக்கடை வைத்திருக்கிறார். சத்தமாகப் பேசுவார்.' அவ்வளவுதான்.

"ஏட்டி, எனக்கு ரெண்டே வரியா? போனைக் கொண்டா."

"எங்களத்தான் எழுதச் சொன்னாவ தாத்தா."

"நீ எழுதுனது இருக்கட்டும். நான் கொஞ்சம் சோடிக்கேன்."

போனில் படத்தைச் சுற்றிப் போட விதவிதமாய்ச் சட்டங்கள் இருந்தன. பூ வியாபாரி பூ இல்லாத சட்டத்தையா எடுப்பான்? ரோஜா மாலை தொங்கிய சட்டத்துக்குள் என் போட்டோவை வைத்தேன். இருபுறமும் குத்துவிளக்கு எரியவிட்டேன். உருக்கமான நாதஸ்வரம் ஒன்று சேர்த்தேன். கீழே எழுத்துக்கூட்டித் தட்டினேன்: 'உழைப்பால் உயர்ந்தார். ஊருக்கே வழிகாட்டியாய் வாழ்ந்தார்.' பாடப் புத்தகத்தில் பெரிய மனிதர்களைப் பற்றி அப்படித்தானே இருக்கும்? ஹரிணி பார்ப்பதற்குள் அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். முப்பது வருஷமாய்ப் பூட்டாத கடை பூட்டிக் கிடந்தது. வீடியோவோ பெற்றோர் கை மாறி மார்க்கெட்டுக்கே போய்விட்டது.

காய்ச்சல் சற்று இறங்கியதும், பத்து மணி வாக்கில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அழுகைச் சத்தம். எதிர்க்கடை மாடசாமியின் குரல். 'என் பிச்சிப்பூதான் மணக்கும், அவனுடையது வெறும் நிறம்' என்று நான் மார்க்கெட் முழுக்கச் சொன்னதிலிருந்து ஆறு வருஷமாக என்னோடு பேசாதவன்.

"அண்ணாச்சி! மொகங்குடுத்துப் பேசாமலே இருந்துட்டேனே! உங்களுக்குப் பேச்சு கொஞ்சம் கூடுதலுதான். ஆனா எடை ஒரு நாளும் தப்பாதே!"

கையில் செம்போடு நின்றேன். என்னைப் பற்றி நான் சொல்லாமல் வேறொருவர் நல்லது சொல்லி அன்றுதான் கேட்டேன். கண் கலங்கியது சோப்பினால் அல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இறந்தே இருந்திருக்கலாம். ஆனால் 'பேச்சு கூடுதல்' என்றதை எப்படி விடுவது?

துண்டைக் கட்டிக்கொண்டு நுரையோடு வெளியே வந்தேன்.

"ஏன்வே, அப்படிக் கூடுதலா என்னத்தப் பேசிட்டேன்?"

மாடசாமி கையிலிருந்த மாலை கீழே விழுந்தது.

"இருக்கியளா? அப்ப சொன்னதெல்லாம் வாபஸ், அண்ணாச்சி."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவன் வெகுநேரம் விடவில்லை. அன்றிலிருந்து பேசிக்கொள்கிறோம்.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற என் மனைவியிடம், "நான் குளிக்கேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"நல்லதாத்தான சொல்லுதாரு, முடிக்கட்டும்னு நின்னேன்."

திருத்தி அனுப்பச் சொன்னார் டீச்சர். ஹரிணி அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் வற்புறுத்தாமலே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினாள். படமும் அவளே வரைந்து சேர்த்தாள். வகுப்பே சிரித்ததாம். இப்போதும் என் பெருமையை நான் ஆரம்பித்தால் போதும், அந்தக் கட்டுரையின் கடைசி வரிகளை வீட்டில் யாராவது ஒப்பிப்பார்கள்:

'என் தாத்தா உயிரோடு இருக்கிறார். அதையும் அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.'