கோழிக்கூட்டுக்கு வாங்கிய சிமெண்ட்

கோயில் சுவர் வியர்த்தது. புரோகோப்பியோ துண்டால் துடைத்தான், மறுபடி வியர்த்தது. விடிந்தால் புனித இசிதோர் திருநாள். பாதிரியார் வருவார், ஊரே வரும்.

நியூ மெக்சிகோவின் அந்த மலையூரில் வருஷத்துக்கு ஒரு தம்பதி கோயில் பொறுப்பு. சுடாத பச்சைச் செங்கல் சுவருக்கு மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுவது அவர்கள் தலையில். ஒழுங்காக முடித்தால் வாசல் பலகையில் பெயர் ஏறும். அதில் ஏறாத பெயர் இதுவரை இல்லை.

மழையில் கரைகிற பூச்சு எதற்கு என்று தோன்றியது, இந்த முறை பொறுப்பேற்ற புரோகோப்பியோவுக்கு. அக்டோபரில் ஊரார் பைன் கொட்டை பொறுக்கப் போனபோது முதுகுவலி என்று தங்கிவிட்டான். கோழிக்கூட்டுக்கு என்று கடையில் இருபது மூட்டை சிமெண்ட் வாங்கி, வடக்குச் சுவர் முழுக்கப் பூசி, மேலே மண் மெழுகினான். மனைவி நெஸ்தோராவிடம்கூட மூச்சு விடவில்லை. சுவரும் அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை.

இப்போது வியர்வையை மறைக்க உள்பக்கம் எண்ணெய் வர்ணம் அடித்தான். ஈரம் போகிற கடைசி வழியும் அடைபட்டது. மதியத்துக்குள் சுவர் பிள்ளைத்தாச்சி வயிறு போலத் தள்ளியது. கட்டையால் முட்டுக் கொடுத்தான். அடியில் விரிசல் விட்டுச் சேறு ஒழுகியது.

நெஸ்தோரா வந்து பார்த்தாள். "என்னய்யா, சுவருக்கு வயித்துப்போக்கா?"

"பனி உருகின தண்ணி."

"மே மாசத்துலயா?" அவள் சுத்தியலால் தட்டினாள். "மண்ணு ணங்குன்னு கேக்குமா?"

தண்ணீர் வடியட்டும் என்று ஓர் ஓட்டை போட்டான். சிமெண்ட் மொத்தமும் ஒரே பலகையாகச் சரிந்தது. அதன் பின்னால் செங்கல் இல்லை, கூழ் இருந்தது. அதுவும் இறங்கியதும், கன்றுக்குட்டி நுழையும் ஓட்டை வழியே உள்ளே பீடத்தில் சிலையாக நின்ற புனித இசிதோர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகையில நம்ம பேருக்குப் பதிலா இந்த ஓட்டையை வரைஞ்சு வைக்கட்டும்" என்றாள் நெஸ்தோரா.

தெருமுனையில் தள்ளுவண்டிச் சத்தம். கடைக்காரர் மனைவி பெலார்மினாவும் ஆறேழு பெண்களும் வந்தார்கள். வண்டிகளில் நன்றாக ஊறிய மண், பொடியாக வெட்டிய வைக்கோல், காய்ந்து இறுகிய பச்சைச் செங்கல். ஓட்டையை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையைத் தொடங்கினார்கள்.

புரோகோப்பியோ வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா... செங்கல் காயவே ஒரு மாசம் ஆகுமே. உங்களுக்கு எப்படி..."

பெலார்மினா ஒரு கை மண்ணை அள்ளி அப்பினாள். "கோழிக்கூட்டுக்குன்னு எங்க கடையில சிமெண்ட் வாங்காத பேரு அந்தப் பலகையிலயே கிடையாது தம்பி."