மூச்சை மிச்சம் பிடித்தவர்

காசில் கஞ்சத்தனம் காட்டுகிறவர்களை அரசுப் பணியில் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். காற்றில் கஞ்சத்தனம் காட்டுகிறவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் மிச்சமூச்சு.

ஆட்சியர் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான், குளிர்ச்சிக்காக அந்த ஊரில் வீடு எடுத்தேன். முதல் நாள் அவர் கடையில் டீ கேட்டேன். தலையை ஆட்டினார். சர்க்கரை குறைவாக என்றேன். கண்ணை மூடித் திறந்தார். கொதிக்கக் கொதிக்க வந்த டீயை நான் ஊதப் போக, மனிதர் பதறி என் கையைப் பிடித்தார்.

"ஊதாதீங்க சார். ஆறும்."

விளக்கம் அவர் மனைவியிடமிருந்து வந்தது. மனிதனுக்கு ஆயுள் வருடக் கணக்கில் இல்லையாம், மூச்சுக் கணக்கில்தானாம். பிறக்கும்போதே இவ்வளவுதான் என்று விதித்து அனுப்பிவிடுகிறார்கள். ஆமை நிதானமாக மூச்சு விடுகிறது, நெடுநாள் இருக்கிறது. நாய் இரைக்கிறது, சீக்கிரம் போய்விடுகிறது. இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த சித்தர்கள் இதே மலைக் குகையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யோகம் இங்கிருந்துதான் கீழே இறங்கி உலகத்துக்குப் போயிற்று.

"ஒதுக்கீடு எவ்வளவுன்னு தெரியாம எப்படிம்மா மிச்சம் பிடிக்கிறது? உத்தரவு நகல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும் சார்? இவருக்கும் சேத்து நான்தான் பேசினு கெடக்கறேன். என் மூச்சு மட்டும் இன்னா, ஓடைத் தண்ணியா?"

மிச்சமூச்சு சிரிக்கவில்லை. சிரிப்பு பெரிய செலவு.

மலையில் சரிவுக்குச் சரிவு குரல் கொடுத்துத்தான் பேசுவார்கள். பாதி இடங்களில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. இவர் மட்டும் கடை வாசலில் ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு தட்டு தட்டினால் மனைவி வர வேண்டும். விடாமல் தட்டினால் பால் பொங்கிவிட்டது என்று அர்த்தம். சொந்த மகள் கல்யாணத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடவும் அந்தத் தட்டைத்தான் தட்டினாராம்.

யோகா தினத்துக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பள்ளி மைதானத்தில் ஊரே பாய் விரித்தது. "வயித்தை உள்ள இழுங்க, வேகமா மூச்சை வெளிய தள்ளுங்க" என்றார். மைதானம் ரயில் எஞ்சின் மாதிரி புஸ் புஸ்ஸென்றது. மிச்சமூச்சு பாயைச் சுருட்டிக்கொண்டு நேராக மேடைக்குப் போனார்.

"இன்னா சார் இது? ஊரு ஆயுசையே ஊதித் தள்றீங்க?"

"ஐயா, இது கபாலபாதி. உடம்புக்கு நல்லது."

"நீங்க ஜீப் ஏறிப் போய்டுவீங்க. நாளைக்கு இங்க யாரு மிஞ்சுவா?"

அன்று அவர் பேசியது ஒரு வருடச் செலவு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆதாரம் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. குகையைக் காட்டச் சொன்னேன். ஒருநாள் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் ஆமை, நான் நாய். குகையில் வௌவால்கள் இருந்தன. எந்தச் சித்தரும் வருகையைப் பதிவு செய்திருக்கவில்லை. "கள ஆய்வில் ஒன்றும் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஈரப் பாறையில் கால் வழுக்கி, உருண்டு, ஓடைக்குள் போய் விழுந்தேன்.

கணுக்கால் பார்க்கக் கூடாத திசையில் பார்த்தது. வானம் கறுத்துவிட்டது. மழை இறங்கினால் ஓடையில் வெள்ளம் வரும், நான் கிடந்ததோ அதன் நடுவில். என்னைத் தூக்க அவருடைய எலும்புகளால் ஆகாது. மேலே சாலையில் ஜீப் சத்தம் கேட்டது. அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி. தகரத் தட்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிச்சமூச்சு என்னைப் பார்த்தார். சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், மலையின் பாதிக் காற்று உள்ளே போயிருக்கும்.

"ஓஓஓஓய்!"

குகை வௌவால்கள் மொத்தமும் வெளியே பறந்தன. ஜீப் நிற்கும்வரை அவர் நிறுத்தவில்லை. நின்ற பிறகும், ஆட்கள் கயிறோடு எங்களைக் கண்டுபிடித்து இறங்கும்வரை கூவிக்கொண்டே இருந்தார்.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது அவர் மனைவி ஓடி வந்தார். "எவனோ வெளியூர்க்காரன் கத்தறான்னு நெனச்சேன் சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தக் கொரல நான் கேட்டதே இல்ல!" சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். "இருக்கறதெல்லாம் செலவு பண்ணிட்டியாய்யா?" அதட்டத்தான் செய்தார், ஆனால் குரல் நடுங்கியது.

மிச்சமூச்சுக்குத் தொண்டை கட்டியிருந்தது. டிரைவரைக் கையால் காட்டினார்.

"பாட்டு போட்டுனு வந்தான். அதான் இவ்ளோ செலவாச்சு."

கால் தேறிவிட்டது. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். இப்போது அவர் கடையில் எதையும் கேட்பதில்லை, பதில் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு செலவாகும். தகரத் தட்டை மெதுவாக ஒரு தட்டு தட்டுகிறேன். டீ வருகிறது. அது தானாக ஆறும்வரை காத்திருக்கிறேன்.