புள்ளிக்கு மூவாயிரத்து இருபத்தொன்று

எனக்குத் தெரியாமல் ஒரு காரியமாவது செய்து முடிப்பது என்று என் வீட்டுக்காரர் சபதம் எடுத்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? எங்கள் இருவருக்கும் ஒரே போன். அதிலிருந்து மாடியில் இருக்கும் தன் தம்பிக்கு அவர் அனுப்பியதெல்லாம் வெறும் நம்பர்!

"என்னங்க இது?"

"கம்ப்யூட்டர் சமாசாரம். எட்டாவதோட நின்னவளுக்கு எங்கே புரியப்போகுது?"

எனக்கு எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும். அன்று காரணத்தோடு படபடத்தது.

அவர் புரோகிராம் எழுதுகிறவர். நான் துணி தைக்கிறவள். மறுநாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"என் அளவு நோட்டை வர்றவங்க எல்லாரும் எட்டிப் பாக்கிறாங்க. யாருக்கு இடுப்பு நாப்பத்துநாலுன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சிடுது. பேரை மட்டும் நம்பரா எழுதிவைக்க முடியுமாங்க?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு எழுத்தே கிடையாதுடி. எல்லாம் நம்பர்தான். அ-ன்னா 2949. க-ன்னா 2965."

"புள்ளிக்கு?"

"அதுக்கும் உண்டு. 3021."

"அடேயப்பா! இத்தனையும் ஒரே தலையிலயா வச்சிருக்கீங்க?"

முழுப் பட்டியலையும் அச்சடித்தே கொடுத்துவிட்டு, வழக்கம்போல் போனையும் என்னிடம் விட்டுவிட்டு ஆபீஸ் போனார், மகராசன்.

தம்பிக்கு அனுப்பியதை எடுத்து, பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தேன். 'அவள் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறாள். தையல் மிஷினைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, என் மேசையைப் பின் அறையில் போட்டுவிடுவோம்.'

பின் அறை! வீட்டில் வெளிச்சம் வருவதே அங்கே என் மிஷினை ஒட்டியிருக்கும் ஒரு ஜன்னலில்தான். அது போனால் நான் ஊசியில் நூல் கோக்க முடியாது. தொழிலே போச்சு.

நானும் உட்கார்ந்து நம்பர் நம்பராக அடித்தேன். அந்த நேரத்தில் இரண்டு சட்டை தைத்திருக்கலாம். 'திட்டம் மாறிவிட்டது. மேசையை இன்றே உன் அறைக்குத் தூக்கிப் போ. அவள் மத்தியானம் தூங்குவாள். மாடிப்படி குறுகல், மேசைக் காலை அறுத்துவிடு.'

அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். கொழுந்தன் பூனை மாதிரி வந்தான். அவன் வேலையை முடிக்கும்வரை நானும் பொறுப்பாகக் குறட்டை விட்டேன்.

சாயங்காலம் வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என் மேசை எங்கேடி?"

"ஐயோ, இங்கதானே இருந்துச்சு! தம்பியைக் கேட்டுப் பாருங்க."

கொழுந்தன் ரம்பமும் கையுமாகப் படியில் இறங்கி வந்தான். முகமெல்லாம் பெருமை.

"நாலு காலையும் நீங்க சொன்னபடியே அறுத்துட்டேன் அண்ணே. அண்ணிக்கிட்ட மூச்சுகூட விடலை!"