பீஸ்கட்டை மாட்டிய வயர்லெஸ்

விருத்தாசலத்தில் இன்று தீப்பிடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் அத்தனையும் பீஸ்கட்டையின் தயவில்தான் ஓடுகின்றன. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ச் சூளைகளில் வேகும் பீங்கான் சாமான்களில் பீஸ்கட்டையும் ஒன்று. கரண்ட் அளவு மீறினால் தன் கம்பியைத் தானே அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுமே, அதுதான். அதன் பெருமையைப் பேசாமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது. பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைச் சுவரில் கருகிப்போன வயர்களை ஆணியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் மாலை போட்டுப் பொட்டும் வைத்திருப்பார். கீழே சாக்பீஸில் விவரம்: ‘மங்களூர் மினி லாரி. பீஸ் போடாமல் பாட்டுக் கேட்டது.’ வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், “சும்மா ஒரு வயர இழுத்து இந்த ஹாரன மாட்டி வுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டார்.

“சும்மான்னு ஒரு வயரு ஒலகத்துலயே கெடையாதுங்க. இப்பிடி ஒக்காருங்க.”

உட்காரவைத்து, மாலை போட்ட ஒவ்வொரு வயரின் கதையையும் சொன்னார். அவர் லீவில் பாதி அங்கேயே போயிற்று. கடைசியில் ஹாரனே வேண்டாமென்று எழுந்து போனவர், லீவு முடிந்து கிளம்பும்வரை வண்டிக் கண்ணாடியை இறக்கி, “கொஞ்சம் நவுருங்க” என்று வாயாலேயே கேட்டுக்கொண்டு ஓட்டினாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வேனைக் கொண்டுபோனோம். நான் வேலை பார்க்கும் சிறிய நிவாரண அறக்கட்டளையில் மொத்தம் ஒரு வேன், ஒரு டிரைவர். மழைக்காலத்தில் வெள்ளாறு பெருகினால் முதலில் சாவது செல்போன் டவர்தான் என்பதால், முறையாக அனுமதி வாங்கி இரண்டு வயர்லெஸ் செட் வரவழைத்தோம். ஒன்று அலுவலகத்தில் என் மேசைக்கு. இன்னொன்று வேனுக்கு.

டிரைவர் ஸ்டீபனுக்கு அந்த வேன் பெற்ற பிள்ளை மாதிரி. “அண்ணே, பாட்டுப் பெட்டிக்கு வர்ற வயருலயே இதையும் சேத்துடுங்க. அரை மணி நேர வேலைதான்” என்றார்.

பீஸ்கட்டை ஸ்பானரைக் கீழே வைத்தார். “தம்பி, இது கேக்குறப்ப கரண்ட சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். பட்டன அமுக்கிப் பேசுனா ஒரே மடக்குல குடிக்கும். பாட்டுப் பெட்டி வயரு அதத் தாங்குமா? நேரா பேட்டரியிலேருந்து தனி வயரு வரணும். பேட்டரி பக்கத்துலயே அதுக்குத் தனி பீஸு வேணும்.”

அரை மணி நேர வேலை மூன்று நாள் ஆனது. முதல் நாள் வேனைச் சுற்றி நடந்தார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து வயரை இழுத்தார். தகட்டில் உரசும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் மாட்டினார். மூன்றாம் நாள், ஏரியலுக்காகக் கூரையின் நட்டநடுவில் டிரில்லை வைத்தார். ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினார்.

பிறகு சோதனை. என்ஜினை முடுக்கினால் செட்டுக்குள் கொசு கத்துவது போல ஒரு சத்தம். “ஏத்து... எறக்கு...” என்று ஸ்டீபனை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, தானும் அதே சுருதியில் “ங்ஙீ” என்று இழுத்தார். தெருவே கூடிவிட்டது. “எர்த்து சரியில்ல. பெயிண்ட சொரண்டணும்” என்று அவர் உப்புத்தாளை எடுத்ததும் ஸ்டீபன் பேச்சை நிறுத்தினார். சத்தம் போனது. ஆனால் ஸ்டீபன் அவரோடு நான்கு மாதம் பேசவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. ஒரு காலை, சேத்தியாத்தோப்புப் பக்கம் தண்ணீர் சூழ்ந்த ஒரு தெருவிலிருந்து பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்டீபன் திரும்பிக்கொண்டிருந்தார். செல்போன் விடியும்போதே போய்விட்டது. பீஸ்கட்டை, “மாட்டுனது எப்பிடிப் பேசுதுன்னு பாக்கறேன்” என்று என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பத்தரை மணிக்கு செட் இரைந்தது.

“அக்கா, வண்டி நின்னுபோச்சுக்கா. வாய்க்கால் ஒடஞ்சி ரோட்டு மேல தண்ணி ஓடுது. எறங்கி நடக்க முடியாத வேகம். டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியல. ஹாரன் இல்ல, வைப்பர் இல்ல, ஒண்ணுமில்ல. தனி வயருல இருக்குற இது ஒண்ணுதான் பேசுது. சின்னப் புள்ளைங்க நாலு பேரு இருக்குதுங்க...” அதற்கு மேல் அழுகை.

பீஸ்கட்டை மைக்கை வாங்கினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஸ்டீபனு, பட்டன அமுக்கிக்கிட்டு அழுவாத. பேட்டரி எறங்கிடும். பட்டன வுட்டுட்டு அழுவு.”

மறுமுனை அமைதியானது. உண்மையிலேயே பட்டனை விட்டுவிட்டுத்தான் அழுதிருக்கிறார், பிற்பாடு அவரே சொன்னார்.

“எந்த எடம்னு மட்டும் சொல்லு. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு வார்த்த. அதுக்கு மேல பேசாத.”

இடம் தெரிந்ததும் எங்கள் காவலாளியை பைக்கில் விரட்டினேன். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவரின் பெரிய டிராக்டர், டிரெய்லரோடு கிளம்பியது. அது போய்ச் சேரும்வரை செட்டில் வந்ததெல்லாம் இந்த மாதிரிதான்: “தண்ணி முட்டி.” “தண்ணி அப்பிடியே.” “படி நனையுது.” ஒவ்வொன்றுக்கும் பீஸ்கட்டை, “கேக்குது” என்று ஒரே சொல் சொன்னார். நடுவில் டீ வந்தது. தொடவில்லை. அவர் டீயை ஆறவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே பதினோரு பேரும் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள். “எல்லாரும் ஏறியாச்சுண்ணே” என்ற ஸ்டீபன் பட்டனை விடவில்லை. “அண்ணே, ஓட்ட போட்டதுக்குக் கோச்சுக்கிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“இப்ப பேசலாம். எவ்வளவு வேணும்னாலும் பேசு” என்று சொல்லிவிட்டுப் பீஸ்கட்டை தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு அலுவலகம் வந்து செட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். போன மாதம் கண்ணில் புரை ஆபரேஷன். ஒரு வாரம் கடையும் இல்லை, வரவும் இல்லை. வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன அன்றே போன் செய்தேன். “மைக் வயரு லூசா இருக்குற மாதிரி இருக்குதுண்ணே.”

கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாயங்காலம் வரை வயரைத் தடவித் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போகும்போது, “நாளைக்கும் ஒருக்கா வந்து பாக்கணும்மா” என்றார்.

“கண்டிப்பா வாங்கண்ணே” என்றேன்.