கண்டுக்காதே பட்டியல்

தானாக ஓட்டை தேடுவோர் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறதே, கவனித்தீர்களா? வங்கிச் செயலியில் திருடன் நுழைய வழி இருக்கிறதா என்று ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்த்த காலம் போய், ஆளே இல்லாமல் தட்டிப் பார்க்க ஒரு நிரலை எழுதிவிட்டு, அது தட்டுகிற நேரத்தில் சுக்குக் காப்பி குடிக்கிறவர்கள். தென்காசியில், குற்றாலம் ரோட்டில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பேச்சிராஜ் இந்த இனத்தின் அசல் மாதிரி.

கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற டோக்கனைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத யாரும் அச்சடிச்சிரலாமே" என்று பெருமூச்சு விடுவார். சொந்த வீட்டில்? அடுக்களைச் சன்னலின் கொண்டி பாதி உடைந்து நாலு மாதம்.

"ஏங்க, கொண்டிய மாத்துங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்? குரங்கு தெனமும் வந்து இழுத்துப் பாக்குது" என்பார் மனைவி காளீஸ்வரி.

"இழுத்துட்டுப் போகுதுல்லா? உள்ள வரலையே. அப்ப அது பொய் எச்சரிக்க."

தொழில் பழக்கம். அவருடைய நிரல் தினமும் நானூறு ஓட்டை என்று கூச்சல் போடும். பாதி வீண் கூச்சல். எந்தப் பாதி என்று பிரிக்கப் பொறுமையில்லாமல் மொத்தத்தையும் 'கண்டுக்காதே' என்றொரு பட்டியலில் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து, ஓட்டையே இல்லை என்று திரை முழுக்கப் பச்சை. என்ன நிம்மதி! கொண்டியும் அந்தப் பட்டியலில்தான், மனசுக்குள்.

சாரல் சீசனில் ஒருநாள், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் தென்காசியிலேயே வேலை. பிடிக்காவிட்டால் பெங்களூருக்கு மூட்டை கட்டு என்றிருந்தார் மேலாளர். நிரலுக்குள் நுழைவதற்கான ரகசிய எண் கைபேசிக்கு வரும். கைபேசி அடுக்களையில் சார்ஜில் கிடந்தது.

நூற்றுச் சொச்சமாவது தடவையாகக் குரங்கு கொண்டியை இழுத்தது. திறந்துகொண்டது. கைபேசியோடு போய் மதிலில் உட்கார்ந்தது. சம்பளமில்லாமல், லீவில்லாமல், தினமும் அதே சோதனை: குரங்குக்கும் தனக்கும் ஒரே வேலைதான் என்று பேச்சிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வித்தியாசம், அது ஒழுங்காகச் செய்கிறது.

"ஏட்டி, போனத் தூக்கிட்டுப் போயிட்டு!"

"பொய் எச்சரிக்கயா இருக்கும், நல்லாப் பாருங்க" என்ற காளீஸ்வரி, ஆனாலும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஓடினார். பண்டமாற்று முடிந்தது. முற்றத்திலிருந்தே எண்ணைக் கத்தினார்: "நாலு, ஒண்ணு, ஏழு..."

எண்ணைத் தட்டிய பதற்றத்தில் பேச்சிராஜ் 'கண்டுக்காதே' பட்டியலையே அழித்துவிட்டார். திரை செக்கச்செவேல் என்றானது. ஓட்டைகள்: நானூற்றுப் பன்னிரண்டு. காணொளி அழைப்பில் மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். வாடிக்கையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா! இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பச்சையைத்தான் காட்டினார்கள். எதையாவது கண்டுபிடிக்கிற கருவியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

பேச்சிராஜ் தென்காசியிலேயே இருக்கிறார். கொண்டியா? அதை மாற்றச் சொல்லித் தினமும் காலை ஏழு மணிக்குக் கைபேசி தானாகவே கத்தும்படி அன்றே ஒரு நிரல் எழுதிவிட்டார். எட்டாம் நாள் அதன் வாயையும் அடைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்களாக்கும். இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் கைபேசி இரண்டு தடவை சிணுங்கியதே, என்னவென்று பார்க்காமலே விரலால் தள்ளிவிட்டீர்களே, அது என்னவாம்? தெரியாதா? சரி, போகட்டும். உங்கள் அடுக்களைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது பாருங்கள்.