கூட்டம் கேட்ட நாற்காலி

கல்யாணமோ கட்சி மீட்டிங்கோ கடைத் திறப்போ, ஆள் சேரவில்லை என்றால் திருவண்ணாமலையில் கடவுளுக்கு அடுத்தபடியாகக் கூப்பிடப்படுகிறவர் ‘கூட்டம்’தான். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஒரு போன் போதும், வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்குவார். ஒரே நிபந்தனை, “சேர் இல்லன்னா ஆள் இல்லங்க.” தலைவர் வர லேட்டானால் தலைவரின் நாற்காலியிலும் ஒருவரை உட்கார வைத்துவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஓர் ஐரோப்பியப் பெண் டைரக்டர், தன் நாட்டு ராஜாவைக் கிண்டல் செய்து சினிமா எடுத்தார். அரண்மனைக்கு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம். மேடையில் இருந்த தங்கநிறச் சிம்மாசனம் மாதிரி அவர்கள் ராஜாவிடமே கிடையாதாம். விருந்துக் காட்சிக்கு எல்லாவித மனிதர்களும் வேண்டும் என்றார். மொழிபெயர்த்தவன் நான்.

மறுநாள் கூட்டம் கொண்டு வந்து இறக்கியது ரஷ்யாக்காரர், இத்தாலிக்காரர், ஜெர்மன்காரர் என்று ஒரு வேன் வெள்ளைக்காரர்களை. டைரக்டர் தலையில் கை வைத்தார். உங்களைப் போன்ற ஊர்க்காரர்களும் வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்.

“ஏன் சார், அவங்க ராஜா வூட்ல நமக்கு என்னா வேல?” கூட்டத்துக்கு நிஜமாகவே புரியவில்லை.

“எல்லா நிறத்துக்காரங்களும் படத்துல தெரியணுமாம்.”

“நல்ல விஷயமாச்சே” என்று உடனே அடி அண்ணாமலைக்கு இன்னொரு வேனை விரட்டினார். அதில் வந்தவர்தான் செல்வி. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் லெமன் சாதம் விற்பவர். சினிமாவில் வரப்போவதை ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மேக்கப் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நம்மவர்கள் தட்டும் ஜக்குமாகப் பின்னால் நின்றார்கள். கூட்டம் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“நம்மாளுங்களுக்கு சேர் எங்கனு கேளுங்க சார்.”

வேலைக்காரர்கள் எப்படி உட்காருவார்கள் என்றார் டைரக்டர்.

“அப்ப ரெண்டு வேனையும் எடுக்கச் சொல்றேன்.” கூட்டம் சொன்னதும் வெள்ளைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். அவர்களும் அவர் கூட்டிவந்த கூட்டம்தானே.

செல்வி தட்டோடு கூட்டத்திடம் ஓடிவந்தார். “எனக்கு நிக்கறது என்னாண்ணா புதுசா? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன். கெடுத்துடாதண்ணா.”

“வூட்டுக்குப் போனா நீ உக்காந்துடுவ செல்வி. படத்துல உக்காரவே முடியாது. எப்ப போட்டாலும் நின்னுகிட்டேதான் இருப்ப.”

இதை மொழிபெயர்த்ததும் டைரக்டரும் மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு ஆட்களை இடம் மாற்றினார். நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். பரிமாறுவது யார்? ஆசிரம அன்னதானத்தில் பரிமாறிப் பழகிய வெள்ளைக்காரர்கள் மண்டபச் சமையற்கட்டுக்குள் புகுந்து வாளியோடு வந்தார்கள். பட்டுக்கோட்டு போட்ட இத்தாலிக்காரர் ராஜா வேஷம் போட்டவரிடமே குனிந்து, “சாம்பார்? சாம்பார்?” என்றார். டைரக்டர் சிரித்துக்கொண்டே கேமராவை ஓடவிட்டார்.

படம் தயாரானதும் எங்கள் ஊர் கஃபே ஒன்றின் சுவரில் போட்டுக் காட்டினார்கள். ராஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்வி நிதானமாக அப்பளம் நொறுக்கினார். படத்தின் எந்த மூலையிலும் கூட்டம் மட்டும் இல்லை.

“நீங்க ஏன் உக்காரல?” என்று அவரிடமே கேட்டேன்.

“எல்லாரும் உக்காந்துட்டாங்களானு யாராச்சும் பாக்கணும் இல்ல சார்?”

இப்போதெல்லாம் எந்தப் படத்திலும் ராஜா என் கண்ணில் படுவதில்லை. பின்னால் தட்டோடு நிற்கிறவருக்குக் கால் வலிக்குமே என்றுதான் தோன்றுகிறது. என் சினிமா ரசனையைக் கெடுத்த அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.